ஊதா மருந்தில் குத்திய வாழ்த்து

போன சனிக்கிழமை தலவாக்கலையில், எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் ஒரு சின்னக் களேபரம். செய்தவள் நான்தான்.

விஷயம் இதுதான். இந்த வருஷம் கடைகளில் நல்ல கிறிஸ்மஸ் கார்டு கிடைக்கவில்லை. சீமையிலிருந்து வருவது ஏறக்குறைய நின்றே போயிற்று. ஆகவே கார்டுகளை நாமே செய்துகொள்வது என்று கூட்டத்தில் முடிவானது. ரப்பரில் நட்சத்திரம் வெட்டி, மையில் தொட்டு, அட்டையில் குத்தினால் போதாதா? எல்லோருக்கும் உற்சாகம். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். மைக்கு ஏன் அலைய வேண்டும், இதுவே நல்ல நிறம்தானே என்றாள்.

வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்து. ஜென்ஷன் வயலட்.

நான் எழுந்துபோய் அந்தப் போத்தலைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை... இவளுக்கு என்ன வந்தது?

வந்தது ஏழு வருஷத்துக்கு முன்னால். அவர்களிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் கல்யாணமாகி லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வந்து ஐந்து மாதம். என் வீட்டுக்காரர் அங்கே டிஸ்பென்சர். தோட்டத்துச் சனங்களுக்கு அவர் டாக்டரையா. அதனால் நான் டாக்டரம்மா. காய்ச்சல் பார்க்கக்கூடத் தெரியாத டாக்டரம்மா.

நான் ஒரு இடத்தில் சும்மா இருக்க மாட்டேன் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். அட்டன் பஜாரில், ரயில் சத்தத்திலும் பஸ் சத்தத்திலும் வளர்ந்தவள். எங்கள் குவார்ட்டர்ஸோ ஒரு மலையின் தோளில் தனியாக இருந்தது. சன்னலைத் திறந்தால் பனிமூட்டம். மூடினால் அடுப்புப் புகை. அவர் காலையில் டிஸ்பென்சரிக்குப் போனால் மத்தியானம்தான் முகம் காட்டுவார். நான் வீட்டை நாலு தடவை கூட்டுவேன். அலமாரியை இழுத்துச் சுவர் மாற்றி வைப்பேன். பின்னேரம் அதைப் பழைய இடத்துக்கே தள்ளுவேன். அவர் வந்து பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. எனக்கு மட்டும் இடுப்பு வலிக்கும்.

அந்த ஐந்து மாதத்தில் எனக்கென்று கிடைத்த ஒரே மனுஷி மீனாட்சி அக்கா. கொழுந்து எடுப்பவர். வந்த முதல் மாதம் ஒரு மழை நாளில், குறுக்குப் பாதையில் இறங்கப்போய் வழுக்கி விழுந்தேன். கால் முழுக்க அட்டைப்பூச்சி. பயத்தில் மதகுக் கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். கூடையோடு அந்த வழியாக வந்தவர், அதை இறக்கி வைத்தார். மடியிலிருந்த சவர்க்காரத் துண்டை எடுத்து, ஒவ்வொரு அட்டையாகத் தடவித் தடவி விழவைத்தார். பிறகு தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, எடுத்த கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுபோய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பேசுவேன். அவருடைய புருஷன் சின்னையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், வாய் திறக்காத மனுஷர். ஒரே மகன் வெளியே போயிருக்கிறான். "எம்மவன் வந்தா ஒங்கள வந்து பாக்கச் சொல்றேன் தாயி" என்பார். எம்மவன், எம்மவன் என்றே சொல்வார். அந்த மகனின் பெயரை நான் கேட்டதில்லை. ஐந்து மாதப் பேச்சில் ஒரு தடவைகூட!

டிசம்பர் பிறந்தது. கிறிஸ்மஸுக்கு அட்டனுக்குப் போக முடியாது. என் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. எனக்கோ கையும் காலும் நிற்கவில்லை. ஒரு நாள் டிஸ்பென்சரிக் குப்பையில், பெனிசிலின் குப்பிகளின் ரப்பர் மூடிகள் கிடப்பதைப் பார்த்தேன். சின்ன வட்டம், வழவழப்பான முகம். அவர் தூக்கிப்போட்ட பழைய பிளேடு ஒன்றும் கிடந்தது. எடுத்து வந்து கழுவி, ஒன்றில் நட்சத்திரம் வெட்டிப் பார்த்தேன். மூன்றாவது முயற்சியில் நட்சத்திரம் மாதிரி வந்தது. கொஞ்சம் கோணல்.

அடுத்து எழுத்து. ஒரு மூடிக்கு ஓர் எழுத்து. முத்திரைக்கு எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும் அல்லவா? கண்ணாடியில் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டினேன். பா, ல, ன். அப்புறம் பி, ற, ந், தா, ர். எட்டு எழுத்துக்கு ஆறு நாள். விரலில் எத்தனை வெட்டு என்பதை எண்ணவில்லை. ஒவ்வொரு மூடியையும் ஒரு குச்சியில் ஒட்டிக் காயவைத்தேன். மருந்துப் பெட்டிகளின் வெள்ளை அட்டைகளை வெட்டிக்கொண்டேன். மைக்கு? லிந்துலைக் கடையில் அந்த வாரம் முத்திரை மை இல்லை. காத்திருந்திருக்கலாம். காத்திருப்பதா... நானா?

டிஸ்பென்சரியில் ஊதா மருந்து இருந்தது. சிவப்பு மருந்தும் இருந்தது. பஞ்சை நனைத்து ஒரு தகர மூடியில் வைத்தால் முத்திரைப் பெட்டி தயார். நடுவில் சிவப்பில் ஒரு நட்சத்திரம். அதன் கீழே ஊதாவில் 'பாலன் பிறந்தார்'. நான்கு ஓரமும் வெறுமையாக இருப்பது பிடிக்காமல், ஒரு சின்ன இலையை வெட்டி ஊதாவிலேயே நெருக்கமாகக் கரை குத்தினேன். பார்க்க எவ்வளவு அழகு! அவர் வந்து பார்த்துவிட்டு, பஞ்சு ஏன் குறைகிறது என்று இப்போது தெரிகிறது என்று மட்டும் சொன்னார்.

உறவுக்காரர்களுக்குப் பன்னிரண்டு அனுப்பினேன். கிளாக்கர் வீடு, டீமேக்கர் வீடு என்று தோட்டத்துக் குவார்ட்டர்ஸுகளுக்கு நாலைந்து. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு ஒன்றே ஒன்று, மீனாட்சி அக்காவுக்கு. அவர் கும்பிடுவது மாரியம்மனை. அதனால் என்ன? என் பண்டிகையில் அவருக்கும் ஒன்று போகட்டுமே என்று நினைத்தேன்.

கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கால் மணி நேர நடை. ஆனால் தபாலில் வந்தால் அல்லவா கார்டுக்கு மதிப்பு? அக்கா பெயருக்கு வாழ்க்கையில் ஒரு தபாலும் வந்ததில்லை என்று ஒருமுறை சொல்லியிருந்தார். வரட்டும், லயமே பார்க்கட்டும் என்று நினைத்தேன். பின்பக்கத்தில் விலாசத்தைப் பென்சிலால் எழுதினேன். என் பெயரைப் பேனா மையில் அழகாகப் போட்டேன். உறைகூட இல்லாமல் லிந்துலைத் தபாலாபீஸுக்குக் கொடுத்தனுப்பினேன்.

அன்றிரவிலிருந்து மழை. தோட்டத்துத் தபால்காரர் மறுநாள் அந்த மழையில்தான் பையைச் சுமந்து வந்தார்.

அடுத்து நான் சொல்லப்போவதை நினைத்தால் இன்னும் என் காது சூடாகிறது.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். கீழே லயத்துப் பக்கமிருந்து ஒப்பாரிச் சத்தம். ஒரு குரல், பிறகு பல குரல். சற்று நேரத்தில் ஓர் ஆள் டிஸ்பென்சரிக்கு ஓடிவந்தார். மீனாட்சி மயங்கிக் கிடக்கிறார், டாக்டரையா உடனே வர வேண்டும். என்ன நடந்தது என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, மகன் இறந்துபோய்விட்டானாம், இப்போதுதான் கடுதாசி வந்தது என்று பதில் வந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினேன்.

லயத்தின் முன்திண்ணையான இஸ்தோப்பில் கூட்டம். மழையில் நனைந்தபடி வாசலிலும் கூட்டம். அக்காவைக் காம்பராவுக்குள் படுக்கவைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் உள்ளே போனார். சின்னையா வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவே ஓர் அட்டை.

நான்கு பக்கமும் கறுத்துப்போன கரை. சாவுக் கடுதாசிக்குக் கரை போடுவது நம் வழக்கம் அல்லவா? நடுவில் காய்ந்த ரத்தம் மாதிரி ஒரு தீற்றல். அதற்குக் கீழே ஊதாவில், கண்ணீர் வழிந்த மாதிரி எழுத்துகள். 'பாலன்' என்பது அப்படியே இருந்தது. அடுத்த எழுத்து இருந்த இடத்தில் ஒரு பெரிய மைப்பொட்டு. அதன் பிறகு 'றந்தார்'.

அந்த லயத்தில் எல்லோருக்கும் கடுதாசி வாசித்துக் காட்டுகிறவர் பெருமாள் அண்ணன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அழுதபடி பக்கத்தில் இருந்த ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதியவர் யாரோ பெரிய ஆள், 'இறந்தார்' என்று மரியாதையாக எழுதியிருக்கிறார், கொழும்பிலே ஏதோ ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கும் என்று.

மீனாட்சி அக்காவின் மகன் பெயர் பாலன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த நிமிஷமே வாயைத் திறந்திருக்க வேண்டும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, பீலித் தண்ணீர் விழுகிற இடத்துக்கும் மாட்டுப்பட்டிக்கும் நடுவே நடந்தேன். திரும்பி நடந்தேன். மறுபடியும் நடந்தேன். சொல்லாமலே இருந்துவிட்டால்? யாருக்குத் தெரியும்? என் பெயர்தான் கரைந்துபோய்விட்டதே! இப்படியும் ஒரு எண்ணம் வந்தது. வந்தது என்பதை மறைத்து உங்களிடம் நல்ல பெயர் வாங்கி என்ன ஆகப்போகிறது?

பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் சுப்பையா என்கிற ஆளைச் சாவு சொல்ல அனுப்பினார்கள். பூண்டுலோயாவில் மீனாட்சி அக்காவின் அண்ணன் இருந்தார். சுப்பையா குடையை விரித்துக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனார். பார்த்துக்கொண்டே நின்றேன்.

என் வீட்டுக்காரர் கை கழுவப் பீலிக்கு வந்தார். அக்காவுக்கு மயக்கம் தெளிந்துவிட்டது என்றார். என் முகத்தைப் பார்த்தார்.

"அது என் கார்டு" என்றேன்.

அவருக்குப் புரியச் சில விநாடிகள் ஆயின. திட்டவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு, "போய்ச் சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார்.

போய்ச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. டாக்டரம்மா மனசு பொறுக்காமல் ஏதோ சொல்லித் தேற்றுகிறார் என்று ஒரு கிழவர் என் தலையைத் தொட்டு ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறுதல்! பெருமாள் அண்ணனுக்குக் கோபம்கூட வந்தது. நான் எழுத்துக் கூட்டித்தானே வாசித்தேன் என்றார்.

மலையேறி வீட்டுக்கு ஓடினேன். எட்டு மூடி, ஊதாப் பஞ்சு, மிச்சமிருந்த ஓர் அட்டை. எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். இஸ்தோப்பில் முழங்காலிட்டு, அத்தனை பேர் பார்க்க, ஒவ்வொன்றாகக் குத்தினேன். பெருமாள் அண்ணன் குனிந்து வாசித்தார். பா. ல. ன். நான்காவது மூடியைக் குத்தினேன். அவர் வாசிக்கவில்லை. நான் 'பி' என்றேன். மற்ற நான்கையும் குத்திவிட்டு, அட்டையை மழையில் நீட்டினேன். எல்லோர் கண்ணெதிரிலும் ஊதா கரைந்து ஓடியது.

பெருமாள் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த எடத்துல எழுத்து இல்லீங்க. மையாத்தான் இருந்திச்சு. இ-ன்னு நானாப் போட்டுக்கிட்டேன்" என்றார்.

ஒப்பாரி நின்றது. உள்ளேயிருந்து மீனாட்சி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு அட்டைகளையும் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தார். என்னைத் திட்டுவார், குறைந்தது முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன்.

"அப்ப எம்மவன் சாகல."

"இல்லக்கா. அது யேசு சாமி பொறந்ததைச் சொல்றது."

"சரி. எம்மவன் எங்க இருக்கான்?"

அவன் போய் ஏழு மாதம். ஒரு வரி இல்லை. இதுவரை எங்கோ நன்றாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு கூடையைச் சுமந்தவர், இனி எப்படி அப்படி நினைப்பார்? ஒரு தடவை அழுதாயிற்றே.

அன்று மாலையிலிருந்து மறுநாள் வரைக்கும் நான் பட்ட பாட்டை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது? கொழும்பில் இருந்த என் தம்பிக்குத் தந்தி கொடுக்க என் வீட்டுக்காரரே லிந்துலைக்குப் போனார். பாலன் என்கிற பெயரில் கொழும்பில் எத்தனை பேர்? எந்தத் தெருவென்று தேடுவான்? தெரிந்தும் கொடுத்தோம். சாவு சொல்லப் போன சுப்பையாவோ அதற்குள் பஸ் ஏறிவிட்டிருந்தார். நான் படுத்தேன், எழுந்தேன். அடுப்பை மூட்டினேன், அணைத்தேன். விடிந்ததும் லயத்துக்குப் போனேன். அக்கா காம்பரா வாசலில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகவில்லை. சின்னையா மட்டும் வழக்கம்போல் காலைப் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போய்விட்டார்.

அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

"ஒக்காருங்கம்மா. நீங்க எந்திரிச்சா எனக்கு யாரோ வர்றாப்ல இருக்கு" என்றார்.

அதன் பிறகு அசையவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் அவர் சொன்னார். மகனுக்கு லாரி ஓட்டப் பழக ஆசை. அப்பனுக்கு அவன் தோட்டத்திலேயே வேலைக்குப் பெயர் பதிய வேண்டும். வாய்ச்சண்டை முற்றி, சின்னையா அவனுடைய பெட்டியைத் தூக்கி இஸ்தோப்பில் எறிந்துவிட்டார். போ, செத்தாலும் எனக்குச் சேதி வரக் கூடாது என்று லயமே கேட்கக் கத்தினார். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவன்தான். கொழும்புக்கு என்று யாரோ சொன்னார்கள்.

கார்டு வந்ததும் அந்த மனுஷர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஏன் நம்பினார் என்று எனக்கு விளங்கியது.

மத்தியானம் தாண்டியிருக்கும். பாதை வளைவில் மூன்று பேர் வந்தார்கள். முதலில் குடையோடு சுப்பையா. அடுத்து அக்காவின் அண்ணன். மூன்றாவதாக, கையில் ஒன்றுமில்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு வாலிபன்.

அக்கா எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. அவன்தான் வந்து முன்னால் குந்தினான். அவர் அவனுடைய முகத்தை, கழுத்தை, கையை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அன்றைக்கு மதகுக் கட்டில் என் காலைத் தடவிய அதே கை. நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

நடந்தது இது. பாலன் கொழும்புக்குப் போகவேயில்லை. பூண்டுலோயா பஸ் நிற்கிற இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். அங்கே ஒரு லாரிக்காரர் அவனுக்கு ஓட்டப் பழக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். இடையே ஒரு மலைதான். ஏழு மாதமும் மாமன் கண்ணில்கூடப் படாமல் இருந்திருக்கிறான். முந்தின நாள் பஸ்ஸில் வந்து இறங்கிய சுப்பையா, நனைந்த உடம்புக்கு ஒரு தேத்தண்ணி குடிக்க அந்தக் கடைக்குள் நுழைந்தார். யார் வீட்டுக்கு என்று கடைக்காரர் கேட்டார். சாவு சொல்ல வந்தேன், சின்னையா மகன் பாலன் போய்ச் சேர்ந்துட்டான் என்றார் சுப்பையா. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவன் திரும்பினான்.

"எப்பண்ணே?" என்றானாம்.

சுப்பையா குடையைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டார். அவரைப் பிடித்துக் கூட்டிவர இரண்டு பேர் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு லிந்துலைப் பக்கம் திரும்ப பஸ் இல்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் மூவரும் கிளம்பினார்கள்.

யாரோ மலைக்கு ஓடிப்போய்ச் சின்னையாவிடம் சொன்னார்கள். அவர் கையிலிருந்த செடியை வெட்டி முடித்துவிட்டுத்தான் இறங்கினாராம். கத்தியோடு வந்து வாசலில் நின்றார். மகன் எழுந்து நின்றான். எனக்கோ, யாராவது எதையாவது சொல்லித் தொலைக்க மாட்டார்களா என்று இருந்தது.

"சேதி வரக் கூடாதுன்னு சொன்னேன்" என்றார் சின்னையா. "வந்திருச்சு. நான் சொன்ன வார்த்தைதான் ஒன்னையக் கொன்னுருச்சுன்னு நெனச்சேன்."

"வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் எழுதல" என்றான் அவன்.

"இனி எழுது."

அவ்வளவுதான். உள்ளே போய்க் கத்தியைச் செருகி வைத்துவிட்டு, மகனின் காலுக்கு வெந்நீர் வைக்கச் சொன்னார்.

என்னை யாராவது பாராட்டினார்களா? அதுதான் இல்லை. பாராட்டவும் என்ன இருக்கிறது? என் அவசரம் ஒரு தாயை அரை நாள் கொன்றது. நான் அந்தப் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றதால்தான் சுப்பையா போனார், பாலன் வந்தான். செய்த ஒரே கோழைத்தனமான காரியம்தான் பயன்பட்டது என்றால், அதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பாலன் கிறிஸ்மஸ் முடியும் வரை இருந்தான். லாரிக்காரர் காத்திருக்கிறார், போக வேண்டும் என்றான். சின்னையா தடுக்கவில்லை. அவன் கிளம்புவதற்கு முதல் நாள் மீனாட்சி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். நட்சத்திர முத்திரையைக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இனி அந்தச் சாமான்களைத் தொடவே மாட்டேன் என்று பெட்டியில் போட்டு மூடியிருந்தேன். பாலனுக்குத்தான் எழுதத் தெரியுமே, எழுதட்டும், பெருமாள் அண்ணன் வாசித்துச் சொல்வார் என்றேன்.

"வேணாம்மா. எழுத்துன்னா நடுவுல ஒரு ஆளு வேணும். அந்தாளு என்ன போட்டு வாசிப்பாருன்னு நான் வாயைப் பாத்துக்கிட்டு இருக்கணும். நட்சத்திரம்னா நானே பாத்துக்குவேன். வந்தா உசுரோட இருக்கான்."

முத்திரையைக் கழுவிக் கொடுத்தேன். அட்டனிலிருந்து அசல் முத்திரை மை வரவழைத்து, நனைத்துச் சோதித்துப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். இந்தத் தடவை காத்திருந்தேன். பாலன் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

மாதம் தவறாமல் கார்டு வந்தது. ஒரு வார்த்தை இருக்காது, ஒரே ஒரு நட்சத்திரம். நான் வெட்டிய கோணலோடு அவன் குத்துகிற கோணலும் சேர்ந்து, ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு அரிசிப் பெட்டிக்குப் பின்னால் செருகுவார். பெருமாள் அண்ணனிடம் காட்டுவதில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

அடுத்த ஆவணியில் ஒரு நாள், மத்தியான நிறுவை முடிந்ததும் கூடையைக்கூட இறக்காமல் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் கார்டு.

"ரெண்டு இருக்கும்மா."

வாங்கிப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்கள். கை தவறி இரண்டு தடவை குத்தியிருப்பான் என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது அவன் குத்துனது. சாஞ்சிருக்கு பாருங்க. இது நேரா இருக்கு. நிதானமா அமுக்கியிருக்கு. இது வேற கை."

நான் கார்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தேன். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆமாம், வேறு கைதான். அதுவும் பெண் கை.

அன்று சாயங்காலமே சின்னையாவுக்கு விஷயம் போயிற்று. யாரைக் கேட்டு அவன் ரெண்டாவதைக் குத்தினான் என்று கொஞ்சம் சத்தம் போட்டாராம். சத்தம் போட்டுக்கொண்டே சலவை வேட்டியைத் தேடினாராம். விடிந்ததும் இரண்டு பேரும் பூண்டுலோயாவுக்குப் புறப்பட்டார்கள். வழியனுப்பப் பாதைவரை நானும் போனேன். அக்காவின் பையில் ஒரு புதுச் சேலை இருந்தது.

பார்க்காத மருமகளுக்குச் சேலை எடுப்பதில் ஒரு வசதி — அளவு கேட்க வேண்டியதில்லை.